இடது பக்க நாற்காலி

செவ்வாய்க்கிழமை காலை கண் விழித்தபோது யின்ஃபெங்கின் இடது காது வேலை செய்யவில்லை. முந்தைய நாள் படுக்கப் போகும்போது நன்றாகத்தான் இருந்தது. இப்போது அதற்குள் ஒரு பழைய ஃபிரிட்ஜ் ஓடுவது போல இரைச்சல், வேறொன்றும் இல்லை. விரலை விட்டுக் குடைந்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினாள். தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்தும் பார்த்தாள். அறுபத்திரண்டு வயதில் குதித்ததில் முழங்கால் வலித்ததுதான் மிச்சம்.

கணவன் தாசுவான் பால்கனியில் தேநீர்க் குடுவையோடு உட்கார்ந்திருந்தான்.

"யோவ் கிழவா, என் இடது காது கேக்கலைய்யா. உள்ள என்னமோ இரையுது."

தாசுவான் குடுவையைக் கீழே வைத்தான். முதுகை நிமிர்த்தினான். இரண்டு உள்ளங்கைகளையும் மல்லாத்தி மடியில் வைத்துக்கொண்டு, கண்களைப் பாதி மூடி, மூன்று முறை மெதுவாகத் தலையை அசைத்தான்.

"என்ன பண்ணலாம்? டாக்டர்கிட்ட போகணுமா?"

மறுபடியும் மூன்று முறை.

"வாயில என்ன கொழுக்கட்டையா? பேசேன்யா!"

"நீ சொன்னதை முழுசா உள்ள வாங்கிக்கிட்டேன், யின்ஃபெங்," என்றான் தாசுவான். குரலில் தேன் வழிந்தது. பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மரத்தடியில் மேசை போட்டுத் தேநீர் விற்கும் வெண்கொக்குத் தேநீர்த் தோட்டத்துக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

எங்கள் செங்டு நகரத்தில் பெண்டாட்டி சொல்லைத் தட்டாத ஆணை 'இளகிய காதுக்காரன்' என்போம். கேலிதான். ஆனால் அந்தக் கேலிக்கு லாயக்கில்லாத ஆணுக்குப் பெண் கொடுக்க இங்கே கொஞ்சம் யோசிப்பார்கள். தாசுவான் முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவன். அத்தனை வருடமும் ஊரறிந்த இளகிய காதுக்காரன். யின்ஃபெங் "உப்பு தீர்ந்து" என்று ஆரம்பித்தால் வாக்கியம் முடிவதற்குள் படியிறங்கியிருப்பான். தலைவலி என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று போலீஸ்காரன் போலத் துளைத்தெடுப்பான். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே அவனுக்குத் தாவோ என்னும் ஞானவழிப் பித்து பிடித்துவிட்டது.

பிடிக்க வைத்தவர் ஆசான் சிங்யுவான். நீல அங்கி, உச்சிக் கொண்டை. அந்தக் கொண்டையில் பாதி முடி கடையில் வாங்கியது. ஐந்து வருடத்துக்கு முன்புவரை வீடு வீடாகத் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்றவர் என்று பேச்சு. நீரின் குணத்தைப் பற்றி அவர் பேசும்போது அந்த அனுபவம் தெரியத்தான் செய்யும். தேநீர்த் தோட்டத்தின் பின்கட்டில் 'ஆழ்ந்து கேட்டல்' என்று வகுப்பு நடத்தினார். தாவோவின் வழியில் நடப்பவன் பள்ளத்தாக்கு போல இருக்க வேண்டும், வருவதையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்பார். "பள்ளத்தாக்கு என்னிக்காவது கேள்வி கேட்டிருக்கா?" என்று நிறுத்துவார். அறுபது ஓய்வூதியக்காரர்களும் யோசித்துப் பார்ப்பார்கள். கேட்டதாக யாருக்கும் நினைவில்லை.

ஆகவே விதிகள் மூன்று. கேள்வி கேட்கக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது, யார் எதைச் சொன்னாலும் மூன்று முறை தலையசைக்க வேண்டும். தேர்ச்சிக்கு நான்கு படிகள் உண்டு: துளி, ஓடை, ஏரி, பள்ளத்தாக்கு. படிக்கொரு சான்றிதழ், சான்றிதழுக்கொரு கட்டணம். தாசுவான் நான்கு மாதமாக ஓடையில் நின்றுகொண்டு ஏரிக்கு ஏங்கிக்கொண்டிருந்தான். மலைமேல் இருக்கிற நிஜமான தாவோ துறவிகள் வேறு ரகம். நாம் போய் நின்றால் அவர்கள் முதலில் கேட்பதே, சாப்பிட்டாச்சா என்றுதான். ஆனால் மலை ஏற முழங்கால் வேண்டுமே. தேநீர்த் தோட்டம் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

யின்ஃபெங்குக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. நூற்பாலையில் அவளோடு வேலை பார்த்த ஷியூமெய்க்கு ஐம்பத்தைந்து வயதில் இப்படித்தான் ஒரு காது போயிற்று. அவளிடம் எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் யாரும் ஒரு தரம்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான். முன்பதிவெல்லாம் செல்போனில் செய்ய வேண்டும், அது எப்போதும் தாசுவானின் வேலை. உண்மையைச் சொன்னால் செல்போன் ஒரு சாக்கு. தனியாகப் போய் உட்கார்ந்து, டாக்டர் வாயிலிருந்து அதைக் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. "கிளம்பு, போகலாம்" என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும், போய்விடுவாள்.

இப்படித் திடீரென்று போகிற காதுக்கு இரண்டு வாரம்தான் கெடு. அதற்குள் மருந்து ஏற்றினால் திரும்பி வர வாய்ப்புண்டு, தாண்டிவிட்டால் கஷ்டம். இது யின்ஃபெங்குக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நடந்தே போயிருப்பாள்.

ஷென்ஜெனில் இருக்கும் மகளுக்குச் செய்தி அனுப்பினாள். "நிறைய சுடுதண்ணி குடிம்மா" என்று பதில் வந்தது, கூடவே ஒரு பூங்கொத்துப் படம். யின்ஃபெங் மூன்று நாள் சுடுதண்ணீர் குடித்தாள். காதில் ஃபிரிட்ஜ் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அழுக்குதான் அடைத்திருக்கும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அழுக்கென்றால் காதுக்கார லியாவ் இருக்கிறான். தேநீர்த் தோட்டத்தில் மேசை மேசையாகப் போய்க் காது சுத்தம் செய்கிறவன். வாய் ஓயாமல் பேசுகிறவன். அவன் காது அழுக்கை எடுத்தால் தலையே லேசாகிவிடும், அவன் பேச்சில் அது திரும்பக் கனத்துவிடும். விசாரித்ததில், பேத்தி பிறந்த நூறாம் நாள் விருந்துக்கு மியன்யாங் போயிருக்கிறான், அடுத்த வாரம் சனிக்கிழமை வருவான் என்றார்கள். சரி, வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை, நாலு பேர் காய் வைத்து ஆடும் மாஜாங் ஆட உட்கார்ந்தாள். இடது பக்கம் தேங் அக்கா. அவள் காயைப் போடும்போது "எட்டு மூங்கில்" என்று சொல்லித்தான் போட்டிருக்கிறாள். யின்ஃபெங் காத்திருந்த காய் அதுதான். அவள் காதில் விழவேயில்லை, ஆட்டம் தாண்டிப் போய்விட்டது.

"என்னடி, தூங்குறியா? ஜெயிக்கிற காயைக் கையில வெச்சுக் கொடுத்தாக்கூட வாங்கத் தெரியலையே!" என்றாள் தேங் அக்கா.

"இந்தக் காது கேக்கலைக்கா."

"தோத்தா எல்லாருக்கும் ஏதாச்சும் ஒண்ணு கேக்காது, தெரியாது. போடு, போடு."

சனிக்கிழமை அவளுடைய இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். "உனக்குத்தான் உடம்பு சரியில்லையே, ரெஸ்ட் எடு" என்றார்கள். யின்ஃபெங்குக்கு ஷியூமெய் ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலம் தாசுவானிடம் மறுபடி சொன்னாள். இடது காது, அஞ்சு நாளாச்சு, பயமா இருக்குய்யா என்று மூன்றையும் தனித்தனியாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான், கைகளை மல்லாத்தினான், ஒவ்வொன்றுக்கும் மும்மூன்றாக ஒன்பது முறை தலையசைத்தான். நாளுக்கு நாள் தன் அசைவு மெருகேறி வருவது அவனுக்கே தெரிந்தது. அந்தத் திருப்தியில் நன்றாகத் தூங்கினான்.

தாசுவானுக்கு வேறொரு குழப்பம் இருந்தது. சாப்பாட்டு மேசையில் அவன் உட்காருவது யின்ஃபெங்குக்கு இடது பக்கம். முன்பெல்லாம் அவன் ஒரு வார்த்தை பேசினால் அவள் நான்கு வார்த்தை திருப்பிக் கொடுப்பாள். இப்போது தாவோவைப் பற்றி அரை மணி நேரம் பேசினாலும் ஒரு சுடுசொல் வருவதில்லை. அமைதியாகச் சோற்றை மென்றுகொண்டிருக்கிறாள். முப்பத்தைந்து வருடத்தில் நடக்காத அதிசயம் அது. ஒரு சாதாரண ஆண் என்றால் இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பான். தாசுவான் ஓடைப் படியில் தேறியவன். வகுப்புக்கே வராமல் இவள் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டாளே என்று வியந்து, பொறாமைப்பட்டு, ஆசானிடம் ஓடினான்.

திங்கள்கிழமை ஆசானே பார்க்க வந்தார்.

யின்ஃபெங் தேநீர்த் தோட்டத்தின் மூலையில் உட்கார்ந்து பட்டாணிக் கொழுந்து ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒற்றைக் காதில் கூட்டத்தின் சத்தம் மொத்தமும் வந்து விழுந்தால் தலை சுற்றியது. அதனால் நல்ல காதைச் சுவரோரம் வைத்து உட்கார்ந்துகொள்ளப் பழகியிருந்தாள். காலியாக இருந்தது இடது பக்க நாற்காலி மட்டும். ஆசான் அதில் அமர்ந்தார். தாவோவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். யின்ஃபெங் கொழுந்தைக் கிள்ளினாள். இன்னும் நான்கு வார்த்தை பேசினார். அவள் திரும்பக்கூட இல்லை. தன்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிடாத ஒரு ஜீவனை ஆசான் பல வருடம் கழித்துச் சந்திக்கிறார். அதில் அவருக்குள் என்னவோ உடைந்துவிட்டது.

அவர் சொன்னதெல்லாம் பக்கத்து இரண்டு மேசைகளுக்கும் நன்றாகக் கேட்டது. கொண்டை அரிக்கிறது என்றார். கருவி வாங்கிய ஒரு கிழவி இன்னும் தன்னைத் தேடிக்கொண்டிருப்பாள் என்று கனவு வருகிறது என்றார். பெண்டாட்டி பிரிந்துபோய் ஆறு வருடமாகிறது, அவள் போன காரணம் இன்றுவரை தெரியவில்லை என்றார். கடைசியில் அழுதார். யின்ஃபெங் ஓரக்கண்ணால் பார்த்தாள். வாய் அசைவது தெரிந்தது, எதையோ விற்க வந்திருக்கிறார் என்று நினைத்தாள். மரியாதைக்கு ஒரு தரம் தலையை ஆட்டிவிட்டு, நல்ல காது அவர் பக்கம் வரும்படி திரும்பினாள்.

"இந்தக் காது செத்துப்போச்சுங்க. நீங்க சொன்னது ஒண்ணும் எனக்கு விழலை," என்றாள்.

ஆசான் அங்கியின் கைக்குள்ளிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். 'காது செத்த பிறகே கேட்பது பிறக்கிறது' என்று எழுதிக்கொண்டார். கண்ணைத் துடைத்தபடி எழுந்து நின்று, துளி, ஓடை, ஏரி மூன்றையும் ஒரே தாவலில் தாண்டிய முதல் பள்ளத்தாக்கு இவர்தான் என்று தோட்டம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்.

அதற்குப் பிறகு இடது பக்க நாற்காலி காலியாக இருக்கவில்லை. மாமியாரைத் திட்ட வந்தார்கள், மருமகளைத் திட்ட வந்தார்கள், பங்குச் சந்தையில் விட்டதைச் சொல்லி மூக்குச் சிந்தினார்கள். ஒரு முன்னாள் பள்ளித் தலைமையாசிரியர் இருபது வருடத்துக்கு முன் ஒரு மாணவனைத் தவறாக வெளியேற்றியதைச் சொல்லிக் குலுங்கினார். மாஜாங் மேசையிலிருந்து அவளைக் கழற்றிவிட்ட தேங் அக்காவே ஒரு பை ஆரஞ்சோடு வந்து உட்கார்ந்தாள். தங்கச்சியின் மோதிரத்தைத் திருடியது தான்தான் என்று சொன்னாள். எல்லோரும் எழுந்து போகும்போது முகம் கழுவியது போலத் தெளிந்திருந்தார்கள். "எவ்வளவு ஆழமாக் கேக்கறாங்க! ஒரு தடவைகூடக் குறுக்கே பேசலையே!" என்று பேசிக்கொண்டார்கள்.

யின்ஃபெங் ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் பார்த்தாள். "கேளுங்க, எனக்கு இந்தக் காது சுத்தமா கேக்கலை." அவர்கள் கண்கலங்கி மூன்று முறை தலையசைத்தார்கள். ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்து, "எவ்வளவு பணிவு!" என்றாள். வீட்டில் ஆரஞ்சுப் பழம் குவிந்தது. காரமான முயல்தலைக் கறி நான்கு பொட்டலம் வந்தது. புதன்கிழமை தாசுவானிடம் மூன்றாவது தரமாகச் சொன்னாள், இந்த முறை சத்தம் போட்டு, தட்டை மேசையில் நங்கென்று வைத்து. அவன் தலையசைத்துவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டான். சனிக்கிழமை அவளுக்கு எடுக்கப்போகும் விழாவில், அவளைக் கண்டெடுத்துக் கொடுத்ததற்காக அவனுக்கு ஏரிப் பட்டம் என்று முடிவாகியிருந்தது. அந்தக் கனவில் மிதப்பவனிடம் காது, மூக்கு என்றெல்லாம் பேசி என்ன பயன்? அன்றைக்கு யின்ஃபெங் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழும் சத்தம் பாதிதான் அவளுக்கே கேட்டது.

சனிக்கிழமை தோட்டத்தில் சிவப்புத் துணி கட்டி, 'பள்ளத்தாக்கு அன்னைக்கு வணக்கம்' என்று பதாகை தொங்கவிட்டிருந்தார்கள். மேடையில் இரண்டு மூங்கில் நாற்காலிகள். ஒன்றில் யின்ஃபெங், அவளுக்கு இடது பக்கம் பட்டுத்துணி விரித்த இன்னொன்று. வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். லியாவ் இன்றைக்கு வருகிறான் என்பதற்காக மட்டும் வந்தாள். ஆசான் ஒலிபெருக்கியில் மௌனத்தின் பெருமையை முக்கால் மணி நேரம் விளக்கினார். தாசுவான் ஏரிச் சான்றிதழைச் சிவப்பு ரிப்பனோடு வாங்கி, முதல் வரிசையில் கண்களைப் பாதி மூடி உட்கார்ந்துகொண்டான்.

அப்போது வாசல் பக்கம் 'ணிங்' என்று ஒரு சத்தம் வந்தது. இரண்டு விரலை நீட்டியது போன்ற எஃகுக் கவையை இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டே வருவது லியாவின் வழக்கம். காது எடுப்பவன் வருகிறான் என்பதற்கு அதுதான் அறிவிப்பு. வலது காதில் அது விழுந்த மறுகணம் யின்ஃபெங் மேடையிலேயே எழுந்து நின்றுவிட்டாள்.

"லியாவ்! இங்க வா! இந்தக் காதைப் பாரு!"

"தாயே, விழா முடியட்டும்," என்றார் ஆசான்.

"பத்து நிமிஷம் பள்ளத்தாக்கை மூடி வைங்க."

லியாவ் பேசிக்கொண்டே மேடை ஏறினான். "வந்துட்டேங்கக்கா, என்ன இது, கல்யாணமா? என் பேத்தியைப் பார்க்கணுமே, கன்னம் அப்படியே பீச் பழம். விருந்துல வாத்து வேகலை, என் சம்பந்தி சமைச்சா எப்படி வேகும், அந்த ஆளு..." நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் இடது காதுக்குள் எட்டிப் பார்த்தான். செப்புக் கரண்டியை விட்டான், எடுத்தான். வாத்து இறகால் துடைத்தான். "...சோயா சாஸை ஊத்தித் தப்பிச்சுக்கலாம்னு பாக்கறாரு." பேச்சோடு பேச்சாகக் கவையைத் தட்டி, காதருகே கொண்டுபோனான்.

அந்தக் கவை காதுக்குப் பக்கத்தில் அதிர்ந்தால் மனுஷனுக்குத் தோள்பட்டை வரை கூசும். நாற்பது வருடமாகக் காது எடுத்துக்கொள்ளும் கிழவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள். யின்ஃபெங் சும்மா உட்கார்ந்திருந்தாள். லியாவ் இன்னொரு தரம் தட்டினான், பலமாக. முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். யின்ஃபெங், "ம், ஆரம்பி," என்றாள்.

லியாவ் பேச்சை நிறுத்தினான். அந்தத் தோட்டத்தில் அவன் பேச்சை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. மாஜாங் மேசைகளில்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சுற்றி வந்து வலது காதருகே ஒரு தரம் தட்டினான். அவள் துள்ளி விழுந்தாள். நெற்றி விளக்கை அணைத்துவிட்டு அவள் முகத்துக்கு நேரே வந்து குந்தினான்.

"அக்கா, இது எத்தனை நாளா?"

யின்ஃபெங்குக்குக் கண் நிறைந்துவிட்டது. பன்னிரண்டு நாளில் அந்தக் காதைப் பற்றி அவளை ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது.

"இன்னியோட பன்னெண்டு."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார்கிட்ட சொல்லலை? புருஷன்கிட்ட மூணு தரம் சொன்னேன். பொண்ணுகிட்ட சொன்னேன். இந்த ஆசான்கிட்ட சொன்னேன், எழுதியே வெச்சுக்கிட்டார். இங்க உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன்."

"காதுல அழுக்கே இல்லக்கா. கண்ணாடி மாதிரி இருக்கு. இது என் வேலை இல்ல, டாக்டர் வேலை. என் தம்பிக்கு இப்படித்தான் ஆச்சு. இருபது நாள் கழிச்சுப் போனான், போனது போனதுதான்னுட்டாங்க. ரெண்டு வாரம்தான் டைம். என் வண்டி வெளியில நிக்குது. கிளம்பு, போகலாம்."

பன்னிரண்டு நாளாக அவள் காத்திருந்த வார்த்தை. அதைக் காது எடுக்கிறவன் சொல்ல வேண்டியிருந்தது.

கூட்டத்திலிருந்து தேங் அக்காவின் குரல் எழுந்தது. "அப்போ நான் சொன்னது ஒண்ணும் அவளுக்குக் கேக்கலையா?" ஒரு நிமிடம் யோசித்து, "நல்லவேளை!" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். முன்னாள் தலைமையாசிரியர் மட்டும், தான் அழுததெல்லாம் வீணாகிவிட்டதே என்று முணுமுணுத்தார். ஆசான் சிங்யுவான் தொழில் தெரிந்தவர். ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"நண்பர்களே, தாயாரின் இந்தத் துயரத்தையும் நாம பள்ளத்தாக்கா இருந்து வாங்கிக்குவோம்."

அறுபது தலைகள் மூன்று முறை அசைந்தன. அவற்றில் ஒன்று தாசுவானின் தலை.

யின்ஃபெங் மேடையிலிருந்து அதைப் பார்த்தாள். அவன் கெட்டவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். சிவப்பு விளக்கைக் கண்டதும் ஓட்டுநரின் கால் தானாக பிரேக்கை மிதிப்பது போல அந்தக் கழுத்து அசைந்துவிட்டது. மூன்றாவது அசைவின் பாதியில் அவனுக்கே உறைத்து, தலையை அப்படியே நிறுத்திக்கொண்டான். ஆனால் இரண்டரை அசைவு அசைந்ததை அவள் பார்த்துவிட்டாள். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவளுக்கு அவ்வளவு வலித்ததில்லை. மேடையிலிருந்து இறங்கி, லியாவின் மின்சார ஸ்கூட்டரில் பின்னால் ஏறிப் போய்விட்டாள். லியாவ் வழி நெடுக மறுபடி பேத்தியைப் பற்றிப் பேசினான். வலது பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பேசினான்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயதுப் பெண் டாக்டர். எப்போ ஆரம்பிச்சது, எந்தப் பக்கம், இரைச்சல் உண்டா, தலை சுத்துதா, சர்க்கரை இருக்கா, சளி பிடிச்சிருந்ததா என்று மூச்சு விடாமல் கேட்டாள். யின்ஃபெங் ஒவ்வொன்றுக்கும் ஆசை ஆசையாகப் பதில் சொன்னாள். கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். காதைப் பரிசோதித்துவிட்டு டாக்டர் எழுதத் தொடங்கினாள்.

"இன்னிக்கே மருந்து ஏத்தணும். பத்து நாள். பாதி திரும்பி வரலாம், கூடவும் வரலாம். முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன். முதல் நாலஞ்சு நாளுக்குள்ள வந்திருக்கணும் நீங்க. வீட்டுல வேற யாரும் இல்லையா?"

கதவருகே தாசுவான் நின்றுகொண்டிருந்தான். இரண்டு பேருந்து மாறி வந்திருந்தான். கையில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். ஏரிச் சான்றிதழை எங்கே விட்டான் என்று தெரியவில்லை.

"நீங்கதான் வீட்டுக்காரரா? இவங்க உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னா," என்றான் தாசுவான். "கேட்டேன்."

"கேட்டு?"

மூன்று விதிகளில் எதிலும் அதற்குப் பதில் இல்லை.

மருந்து ஏற்றும் கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். யின்ஃபெங் கையில் ஊசியோடு உட்கார்ந்து, குழாயில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாசுவான் வந்து பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். மாதக்கணக்காகக் கேள்வி கேட்காத வாய். மேடையில் லியாவ் எந்தப் பக்கம் குனிந்து பார்த்தான் என்று நினைவுபடுத்திப் பார்த்தான். கண்ணைப் பாதி மூடியிருந்ததில் அது தெரிந்திருக்கவில்லை. மூன்று தரம் அவளே சொல்லியிருக்கிறாள். தன்னுடைய தலையசைப்புதான் அவனுக்கு ஞாபகம் இருந்தது, அவள் சொன்ன வார்த்தை இல்லை. அவமானத்தில் காது மடல்கள் சிவக்க, கடைசியில் கேட்டுவிட்டான்.

"எந்தக் காது?"

யின்ஃபெங்கிடமிருந்து பதில் இல்லை. கோபமாக இருக்கும் என்று நினைத்தான். குரலைத் தணித்து, "உன்னைத்தான் கேக்கறேன். எந்தக் காது, யின்ஃபெங்?" என்றான். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மருந்துப் பாட்டிலைப் பார்த்தபடியே இருந்தாள். போன வாரமாக இருந்தால் இந்த அமைதியைப் பற்றிச் சொல்ல ஆசானிடம் ஓடியிருப்பான். இப்போது எழுந்து, குழாயில் கால் இடறாமல் அவளைச் சுற்றிக்கொண்டு போய், அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்தான்.

"நூடுல்ஸ் வாங்கியாந்திருக்கேன்," என்றான். "காரம் கம்மியாப் போடச் சொன்னேன்."

யின்ஃபெங் திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்தாள். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அவன் சரியான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

"காரம் ஏன்யா கம்மி? போனது காதுதானே, நாக்கா போச்சு? போய் மிளகாய் எண்ணெய்" என்று அவள் ஆரம்பித்தாள். வாக்கியம் முடிவதற்குள் தாசுவான் படியிறங்கியிருந்தான்.